நிலாவெளிக் கடற்கரையில் ஆறு நாட்கள்: மலையகத்திலிருந்து சென்ற ஒரு தொண்டரின் மதிப்பீடு

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் ஆறாம் தரம் முதல் எட்டாம் தரம் வரை படிக்கும் 48 பிள்ளைகளுடன், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் நடைபெற்ற சிறுவர் பாசறையொன்றில் தொண்டராக ஆறு நாட்கள் பணியாற்றினேன். திரும்பி வந்த நாள் முதல், அடுத்த முறை தாங்களும் போகலாமா என்று பழைய மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்டபடி இருக்கிறார்கள். போகலாம் என்பது மட்டுமல்ல, நம் பகுதியிலிருந்து இன்னும் பலர் கட்டாயம் போக வேண்டும் என்பதே என் பதில். அந்தப் பாசறையில் சிறப்பாக நடந்தவை பலவும் கடலை அறிந்தவர்களின் கவனத்தால் நடந்தன. தவறிப்போனவை பெரும்பாலும் மலையகப் பிள்ளைகளை அறிந்தவர்கள் போதிய அளவில் இல்லாததால் தவறின. 14 தொண்டர்களில் மலையகத்தைச் சேர்ந்தவர்கள் நால்வர் மட்டுமே. குறைகளை எழுத்து மூலம் ஏற்பாட்டாளர்களிடமே கொடுத்துவிட்டதால், அமைப்பின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் பெற்றோருக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் 'சிறுவர் முகாம்' என்று எழுதப்பட்டிருந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி, கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எதுக்குங்க மிஸ் பிள்ளைய முகாமுக்கு அனுப்பணும்? நாங்க இருந்தது போதாதா?" என்றார். 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களைக் கைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் உறவினர் இன்றும் நமது லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்தச் சொல் அகதி முகாமாக ஒலிக்குமே தவிர விடுமுறையாக ஒலிக்காது. இதை எடுத்துச் சொன்னதும் ஏற்பாட்டாளர்கள் தயங்காமல் 'விடுமுறைப் பாசறை' என்று மாற்றிப் புதிய கடிதம் அனுப்பினார்கள். சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் அந்தக் குணமே இவர்களைப் பரிந்துரைக்க எனக்கு முதற் காரணம்.

தொண்டர்களைத் தெரிவு செய்யும் முறை கண்டிப்பானது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பொலிஸ் நற்சான்று அறிக்கை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், நம்மை நன்கறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றும் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அதன் பின்னர் ஹட்டனில் ஒன்றரை நாள் பயிற்சி. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைப் பற்றியும், 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கத்தைப் பற்றியும் பெயரளவில் சொல்லிவிட்டுக் கடந்துபோகாமல், ஒரு பிள்ளை நம்மை நம்பி வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்தக் கணத்தில் நாம் என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்கக் கூடாது, யாரிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்பதை ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் தொண்டராகவும் நடித்துப் பழகவைத்தார்கள். எந்தத் தொண்டரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இரவிலும் பகலிலும் மீறப்படவில்லை. பதினொரு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கும் எனக்கு, இவ்வளவு தெளிவான பயிற்சி இதற்கு முன் எங்கும் கிடைத்ததில்லை.

காலத்தையும் இடத்தையும் தெரிந்தெடுத்ததில் அவர்களுக்கு நல்ல அறிவு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நம் மலைச்சரிவுகளில் மோதி ஜூன் தொடக்கம் மழையைக் கொட்டும் அதே மாதங்களில், மலைக்கு மறுபுறமுள்ள கிழக்குக் கரை வறண்டு வெயிலாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும். நாங்கள் ஹட்டனில் குடை பிடித்தபடி அதிகாலை நான்கு மணிக்குப் பஸ் ஏறினோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கியபோது, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பிள்ளைகள் ஒரு மேலுடுப்பைக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். வளைவுகளில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி வந்தது. பொலித்தீன் பைகளும் எலுமிச்சம்பழமும் தொண்டர்களே கொண்டுபோக வேண்டும். அதைப் பயணப் பட்டியலில் யாரும் எழுதியிருக்கவில்லை.

இனி, கடல். பிள்ளைகளைக் கடலுக்குள் இறக்கும் எந்தப் பாசறையையும் அது எப்படி எண்ணுகிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுவேன். இங்கே எண்ணுவது ஓர் ஒழுங்கான வேலையாக நடந்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு. ஒரு குழு மட்டுமே ஒரு நேரத்தில் நீரில் இருக்கும். இரண்டு தொண்டர்கள் பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் இடையில், கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்பார்கள். கரையில் ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல் எண்ணிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இருவர் இருவராகச் சோடி சேர்க்கப்பட்டிருந்தார்கள். விசில் ஊதியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இது நடக்கும். இருபது நிமிடத்தில் குழு கரையேறிவிடும். இடுப்பளவுக்கு மேல் நீர் இல்லை என்பது விதி. அந்த இடுப்பு குழுவிலேயே மிகக் குள்ளமான பிள்ளையின் இடுப்பு. உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவரும், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் இருவரும் எப்போதும் உடனிருந்தார்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரையும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் மட்டுமே நீரில் இறங்கலாம்.

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று ஹட்டனிலிருந்து காற்றடைத்த இரண்டு மிதவை வளையங்களை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். முதிய மீனவர் அவற்றைப் பார்த்ததும் என்னிடம் வந்து, "கச்சான் காலத்தில கடல் படுத்துக் கிடக்கும் பிள்ளை, ஆனா மிதக்கிறதையெல்லாம் வெளியில கொண்டு போயிடும்" என்றார். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. நம் பக்கம் மழையைத் தரும் அதே காற்று, கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையை அடக்கிவைப்பதும் அதுவே. வளையத்தில் அமர்ந்த பிள்ளையை ஓசையில்லாமல் ஆழத்துக்குத் தள்ளிச் செல்வதும் அதுவே. வளையங்களின் காற்றை அங்கேயே இறக்கிப் பையில் வைத்தேன். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அவரே மணலில் குச்சியால் கோடு போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்த கரை அது என்பதால், முதல் நாள் மாலையிலேயே, நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ எந்தப் பாதையால் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் அதைச் செய்த விதம் பாராட்டுக்குரியது.

கடற்கரையில் இருந்த இந்த நுட்பம் படுக்கைக் கூடத்துக்குள் வரவில்லை. கூடம் சுத்தமானது, காற்றோட்டமானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கட்டில், தனி நுளம்பு வலை. பார்ப்பதற்கு அது பெரிய வசதியாகத் தோன்றும். ஆனால் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் பாட்டியோடும் தங்கையோடும் ஒரே பாயில் உறங்கிப் பழகிய பிள்ளைக்கு, மூன்றடி இடைவெளி விட்டுப் போட்ட கட்டிலும் இருட்டில் ஓயாமல் கேட்கும் கடலின் இரைச்சலும் எப்படி இருக்கும் என்பதை அங்கிருந்த பெரும்பாலானோர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முதல் இரவு ஒரு பிள்ளை அழத் தொடங்க, அரை மணி நேரத்தில் பெண்பிள்ளைகளின் கூடம் முழுவதும் அழுதது. மற்றத் தொண்டர்கள் அன்போடுதான் ஓடி வந்தார்கள். அவரவர் கட்டிலிலேயே படுத்திருக்கும்படி சமாதானப்படுத்தினார்கள். எங்களில் ஒருவர், நோர்வூட்டைச் சேர்ந்த இளம் முன்பள்ளி ஆசிரியை, எதுவும் பேசாமல் பாய்களை எடுத்து நிலத்தில் வரிசையாக விரித்தார். பிள்ளைகள் தாங்களாகவே இறங்கி வந்து அருகருகே படுத்துக்கொண்டார்கள். நாங்கள் இருவர் இரு ஓரங்களிலும் உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்குள் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். மற்ற இரவுகளில் கட்டில்கள் வெறுமையாகவே கிடந்தன.

இரண்டாம் நாள் காலை நடந்ததையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக, ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தை வரைந்து, அம்மாவும் அப்பாவும் என்ன செய்கிறார்கள் என்று எழுந்து சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சி வகுக்கப்பட்டிருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேரின் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாக இருக்கிறார்கள், எத்தனை பேரின் தந்தையர் கொழும்புக் கடைகளில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கு மட்டும் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பொகவந்தலாவைப் பிள்ளையொருவன் தாளின் நடுவில் ஒரு கைத்தொலைபேசியை வரைந்து, அதற்குள் அம்மாவின் முகத்தை வரைந்தான். அதற்கு மேல் அவனால் எழுந்து பேச முடியவில்லை. அந்த நிகழ்ச்சியை இடையில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரையுள்ள வழியை வரையச் சொன்னபோது, கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்), கொழுந்து நிறுக்கும் மடுவம், பாலம், அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதை என்று தாள்கள் நிரம்பின. கடலோரப் பிள்ளைகளுக்கென்று எழுதிய நிகழ்ச்சிநிரலை அப்படியே மலையகப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று என் குறிப்பில் முதலாவதாக எழுதியது இதைத்தான்.

பெண்பிள்ளைகளின் உடை இன்னொரு குறை. நீரில் இறங்குவதற்கு எல்லோருக்கும் ஒரே அளவில் வெள்ளை டீசேர்ட்டும் அரைக் காற்சட்டையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைத் துணியுடன் எப்படிக் கடலில் இறங்குவார்கள்? பதினொரு பேர் தலைவலி என்று சொல்லிக் கரையிலேயே இருந்தார்கள். தலைவலி இல்லை என்பதைக் கேட்டறிந்து, திருகோணமலை நகருக்கு ஆளனுப்பிக் கடும் நிற மேலாடைகளும் இறுக்கமான முழுநீளக் காற்சட்டைகளும் வாங்கி வர ஒரு நாள் வீணாயிற்று. சொந்தப் பருத்திச் சட்டையுடன் இறங்கவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். நனைந்த பாவாடை கால்களைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் மீனவர்கள் மறுத்தது சரியே. மாதவிடாய் வந்த பிள்ளைகளுக்குப் பைகளில் வேண்டியவை வைத்திருந்தார்கள், ஆனால் பயன்படுத்தியவற்றைப் போடுவதற்கு மூடியுள்ள வாளி குளியலறையில் இல்லை. முந்நூறு ரூபா வாளி ஒன்று இல்லாததால் ஒரு பிள்ளை நாள் முழுவதும் வெளியே வராமல் இருந்ததை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

உணவைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. காலையில் பிட்டும் மீன்குழம்பும், மதியம் சோறு, இரவில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். தொண்டர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பானை. வெயில்தான் பிள்ளைகளை வாட்டியது. கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்கு மேல் குளிரில் வாழும் பிள்ளைகள் தாகமெடுத்தால்தான் தண்ணீர் குடிப்பார்கள். அதுவும் இனிப்புத் தேத்தண்ணியாக இருந்தால்தான். முதல் இரண்டு நாளில் மூவர் சோர்ந்து விழுந்தார்கள். ஜீவனி எனும் உப்பு, சர்க்கரைக் கரைசலும் நிழலும் போதுமாயிருந்தன. அதன்பின் மணிக்கு ஒரு முறை ஒரு கோப்பைத் தண்ணீர் என்று விசில் ஊதிக் குடிக்கவைத்தோம். கோணேசர் கோயில், பிரட்றிக் கோட்டையின் மான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்தோம். பிள்ளைகளுக்கு நினைவில் நின்றவை கிணறுகள்.

நான்காம் நாள் விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனதுதான் இந்தப் பாசறையின் உச்சம் என்று கருதுகிறேன். கரையில் இரு பக்கங்களிலும் கயிற்றைப் பிடித்து இழுக்கும் மீனவர்கள் அம்பாப் பாடலைப் பாட, பிள்ளைகள் அந்தக் கயிற்றில் இடையிடையே தொற்றிக்கொண்டு இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவர்களைப் பார்த்து, "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று கேட்டார். ஹட்டன் என்று சொன்னதும், தேயிலைக் கொழுந்து பறிப்பது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, பெயர் (ஒரு நாள் கூலி) விழாவிட்டால் என்னவாகும் என்று அவர் கேட்கக் கேட்க, அதுவரை தொண்டர்களிடம்கூட வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவின் வேலையை முழுவதுமாக விளக்கினாள். குறைந்த கிலோவுக்கு அரைப்பெயர் போடுவார்கள் என்று அவள் சொன்னபோது, மீன் படாத நாளில் தங்களுக்கும் பங்கு அப்படித்தான் என்றார் அவர். "கடல்ல அட்டை கடிக்குமா?" என்று இன்னொரு பையன் கேட்டான். யாரும் பதில் சொல்வதற்கு முன், அட்டைக்கு நாம் உப்புத்தானே போடுகிறோம், இவ்வளவு உப்பில் அது எப்படி இருக்கும் என்று தானே முடிவும் சொல்லிக்கொண்டான்.

அன்றிரவு நிகழ்ச்சியை வகுக்கும் பொறுப்பு எங்கள் நால்வருக்கும் தரப்பட்டது. ஒவ்வொரு தொண்டர் குழுவுக்கும் ஒரு மணி நேரம் தந்து, குறுக்கிடாமல் இருப்பது இவர்களின் வழக்கம். அது மிக நல்ல வழக்கம். பையன்கள் சிலர் தப்பு மேளம் அடித்து, காமன், ரதி கதையை ஆடும் காமன்கூத்தில் ஒரு பகுதியை ஆடினார்கள். பின்னர் அந்த மணலில் அமர்ந்து, நம் முன்னோர் இதே கடலின் வேறொரு கரையில், மன்னார்ப் பக்கம் தோணிகளில் வந்திறங்கி, காடு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்த கதையைச் சொன்னேன். 2023இல், அவர்கள் வரத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றதைப் பிள்ளைகளில் சிலர் கேள்விப்பட்டிருந்தார்கள். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் நம் பஸ் வந்த பாதைதான் அது என்று சொன்னதும், திரும்பும்போது அந்த இடத்தில் தங்களை எழுப்பிவிடும்படி கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் நிதியுதவி செய்தவர்கள் வந்தார்கள். அதுவரை தொண்டர்களின் கைத்தொலைபேசிகள் காலையிலேயே வாங்கி வைக்கப்பட்டு, பிள்ளைகள் நீரில் இருக்கும்போது எவரும் படம் எடுக்கக் கூடாது என்ற விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த ஒரு பிற்பகலில் மட்டும் விதி தளர்ந்தது. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பதாகையைப் பிடிக்கவைத்து, பரிசுப் பொதி வாங்கும்போது ஒவ்வொருவராகப் படம் எடுத்தார்கள். ஒழுகும் கூரையின் கீழும் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் நிறுத்திப் படம் பிடிக்கப்பட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் கடலுக்கு வந்த இடத்திலும் அதற்குத் தப்ப முடியவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. உதவி செய்தவர்களின் மனதை நான் குறைகூறவில்லை. கடலுக்குப் பொருந்திய விதி கொடையாளருக்கும் பொருந்த வேண்டும் என்று அன்றிரவுக் கூட்டத்திலேயே சொன்னேன். மற்றத் தொண்டர்கள் பலரும் அதை ஆமோதித்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை இன்றும் கவலைப்பட வைப்பது, பாசறை முடிந்த விதம். ஆறு நாட்கள் இடுப்பளவு நீரில் விளையாடிய பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. பயம் மட்டும் போய்விட்டது. காசல்றீ, மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கங்களின் கரைகளில்தான் அவர்களில் பலரின் வீடுகள் இருக்கின்றன. அங்கே ஆழம் படிப்படியாக அதிகரிப்பதில்லை. அடியில் சேறும் மூழ்கிய மரக்கட்டைகளும் இருக்கும். உப்பு நீரில் உடல் மிதப்பதுபோல நன்னீரில் மிதக்காது. குளிர் கைகால்களை விறைக்கவைத்துவிடும். கூட நிற்க மீனவரும் இல்லை, எண்ணுவதற்குக் கரையில் ஆளும் இல்லை. இதைப் பற்றி இறுதி நாளில் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. திரும்பும் பஸ்ஸில், கந்தளாயைக் கடந்த பிறகு, ஒலிபெருக்கியை வாங்கி நானே சொன்னேன்; வந்த பிறகு பாடசாலைக் காலைக் கூட்டத்திலும் மீண்டும் சொன்னேன். இறுதி அரை நாளை இதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்ற என் வேண்டுகோளை ஏற்றுக்கொள்வதாக ஏற்பாட்டாளர்களிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

போக விரும்புவோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில: தொண்டர்களுக்குக் கொடுப்பனவு இல்லை, போக்குவரத்து, உணவு, தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலமே உறக்கம் கிடைக்கும். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அப்படியானவர்களைக் கரையில் எண்ணும் பணியில் அமர்த்துவார்கள். கைநீளமுள்ள மெல்லிய பருத்தி உடை, அகலமான தொப்பி, இரண்டு சோடி செருப்பு, டோர்ச், விசில் ஆகியவற்றுடன், மேலதிகமாக இரண்டு பாய்களும் எடுத்துச் செல்லுங்கள். பொலிஸ் அறிக்கை கிடைக்கச் சில வாரங்கள் செல்லலாம் என்பதால், பாடசாலைக்கு அறிவித்தல் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பாய் விரித்த அந்த நோர்வூட் ஆசிரியையும் நானும் அடுத்த ஆகஸ்டுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம். இம்முறை நால்வராக இல்லாமல் பத்துப் பேராவது சேர்ந்து போக வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.